ஏற்றி வந்த கார்கள்

பர்மாவில், கெமண்டைன் பள்ளிக்கூட வாசலில் தேர்தல் நாளின் வெயில் அசையாமல் கிடக்கிறது. இந்தியர்களுக்கு ஒதுக்கிய அறையிலிருந்து அரிசிக்கடை செல்லையா வெளியே வருகிறார். பர்மியர்களின் அறையிலிருந்து அவர் மனைவி மா தின் வருகிறாள். பர்மாவை இந்தியாவோடு வைத்திருக்கச் சொல்லும் கட்சி காலையில் அவரைக் காரில் ஏற்றி வந்தது. பிரித்துவிடச் சொல்லும் கட்சி இன்னொரு காரில் அவளை ஏற்றி வந்தது. அவர் சட்டையில் குத்திய மஞ்சள் ரிப்பனும் அவள் ரவிக்கையில் குத்திய பச்சை ரிப்பனும் வியர்வையில் சாயம் விட்டிருக்கின்றன. தூங்குமூஞ்சி மரத்தடியில் இரண்டு கார்களும் ஒட்டி நிற்கின்றன. இரண்டு டிரைவர்களும் ஒரே தீக்குச்சியில் சுருட்டுப் பற்றவைக்கிறார்கள்.

“வீட்ல விட்டுடுறியா தம்பி?” என்கிறார் செல்லையா.

“இனிமே ஓட்டுப் போடப்போறவங்களுக்குத்தாங்க வண்டி” என்கிறான் மஞ்சள் கட்சியின் டிரைவர், புகையை விட்டபடி.

இருவரும் ஆற்றோரச் சாலையில் நடக்கிறார்கள். படகுத்துறையிலிருந்து கருவாட்டு வாடை வருகிறது.

“கோ செல்லையா, பிரிச்சிட்டா நீங்க ஊருக்குப் போயிடணுமா?” என்று பர்மிய மரியாதையோடு பேர் சொல்லிக் கேட்கிறாள் மா தின்.

“தெரியல. போன எலெக்‌ஷன்லயும் இதையேதான் கத்துனாங்க. நம்ம கடை முன்னால சாக்கடையக்கூட இன்னும் மூடல.”

பின்னால் ஹாரன் அலறுகிறது. அவர் இடப்பக்கம் ஒதுங்குகிறார், அவள் வலப்பக்கம். அடுத்த ஆட்களை ஏற்றி வர, மஞ்சள் கட்சியின் கார் காலியாக நடுவில் போகிறது. புழுதி அடங்குகிறது. சாலையில் இப்போது எதுவும் இல்லை. ஆனாலும் இருவரும் ஒதுங்கிய ஓரங்களிலேயே நடந்துகொண்டிருக்கிறார்கள்.