மதிய வகுப்பின் வெற்றி

இளம் தொழில்முனைவோர் பயிற்சியின் கடைசி வகுப்பு அது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு எப்போதும் பயிற்சியாளர் ரொனால்டுடையதுதான். போன அணியில் பாதிப் பேர் அதில் தூங்கிவிட்டார்கள். இந்த முறையும் தூங்கினால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று நிர்வாகம் எச்சரித்திருந்தது. ஆனால் இந்த அணியில் ஒரு தலைகூடச் சாயவில்லை. ரொனால்டுக்குத் தன் பேச்சின் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

ஒவ்வொருவரும் தாங்கள் ஆரம்பித்த தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரம்பிக்காதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. கோட்டுச்சேரிமேடு மீனவர் கிராமத்திலிருந்து வரும் ஜெர்லின் மட்டும் எழுந்திருக்கத் தயங்கினாள்.

“என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?”

“ஆரம்பிச்சிட்டேன் சார். நல்லாவே போவுது.”

“வாடிக்கையாளர் யாரு?”

வகுப்பில் இருந்த அத்தனை பேரும் கை தூக்கினார்கள். ரொனால்டு அசந்துபோனார்.

“அப்படி என்ன தொழில்?”

“கோவிச்சுக்க மாட்டீங்களே சார்?”

“தொழில்ல என்னம்மா கோவம்? சொல்லு.”

“நீங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லார் கால் கட்டைவிரல்லயும் தூண்டில் நரம்பைக் கட்டிடுவேன் சார். கடைசி வரிசையில உக்காந்துகிட்டு, நீங்க பேசுறப்ப யாரு தலை சாயுதோ அவங்க நரம்பைச் சுண்டி இழுப்பேன்.”

ரொனால்டு கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். பிறகு அவள் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“நாளைக்கு நிறைவு விழாவுல நம்ம பயிற்சி மைய டைரக்டர் பேசுறாரு. மேடையில அவரு பக்கத்துலதான் நான் உக்காரணும். எனக்கும் ஒண்ணு கட்டிவிடுறியாம்மா?”