அறிவிப்பும் அழைப்பும்

"'இன்ஃபோர்ம்' வேற, 'இன்வைட்' வேற, விமலா! காலமெல்லாம் தோட்டத்து ஆபீஸ்ல கிராணி வேலையில இங்கிலீஷ் கடுதாசி எழுதினவன்கிட்ட விளையாடாத."

தங்கராஜு கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அவருடைய அக்கா லெட்சுமியின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை, படமாக அதில் வந்து கிடந்தது.

"வாங்கன்னுதானே போட்டிருக்கு?" என்றாள் அவர் மனைவி.

"அது ஊருக்கே அனுப்பினது. சேதி சொல்றது இன்ஃபோர்ம். வாசல் ஏறி, தட்டை நீட்டி, 'தம்பி, நீ வந்து முன்ன நில்லு'ன்னு சொல்றதுதான் இன்வைட். தாய்மாமனுக்கு எது?"

"அப்ப, அக்காவுக்குன்னு கிள்ளான்ல எடுத்துட்டு வந்த அரக்குப் பட்டு?"

"அவ கூப்பிட்டாத்தான் அது பீரோவ விட்டு வெளிய வரும்."

குரல் விறைப்பாக இருந்தாலும், நெஞ்சம் சிறுவயதில் வாழ்ந்த புக்கிட் ரோத்தான் தோட்டத்து லயத்துக்குப் போய்விட்டது. முறையைக் கற்றுக் கொடுத்தவளே அக்காதான். வெற்றிலைத் தட்டை அவள் ஏந்தி நடக்க, குங்குமச் சிமிழோடு அவர் பின்னால் ஓடுவார். ரப்பர்ப் பாலின் வாடையோடு சந்தனமும் மணக்கும். ஒரு வீட்டையும் விடமாட்டாள். "வெளிய நின்னு சொல்லிட்டு ஓடக்கூடாதுடா. உள்ள போயி ஒரு வாய் தண்ணியாச்சும் குடிச்சாத்தான் கூப்பிட்டதா அர்த்தம்."

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அக்கா மகன் சசிகுமார்.

தங்கராஜுவின் முகம் மலர்ந்தது. மறுகணமே இறுக்கிக்கொண்டார்.

"வாங்க துரை! தட்டு எங்க?"

"மாமா... காலையில இருந்து போன் அடிக்கிறேன். நீங்க எடுக்கல."

"போன்ல முடிக்கிற காரியமா இது? உள்ள வா. விமலா, கோப்பி கலக்கு!"

"வேணாம் மாமா." அவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

"ஒரு வாய் தண்ணி?"

"வேணாம்."

"உங்கம்மா வளர்த்த லட்சணமா இது? வெளிய நின்னு சொன்னா அதுக்குப் பேரு இன்ஃபோர்ம் லா! இன்வைட் பண்ணாம அந்த வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்!"

சசிகுமார் தலை கவிழ்ந்தான்.

"இதுக்கு யாரும் இன்வைட் பண்றதில்ல மாமா. விடியக்காலையில அம்மா..."

உள்ளே பீரோ திறக்கும் ஓசை கேட்டது. அழைப்பு இல்லாமலேயே, பிறந்த வீட்டுக் கோடியாக, அரக்குப் பட்டு வெளியே வந்தது.