ரெண்டு பேருக்கு ஒரே நம்பர்

மறுபடியும் வந்து வாசல்ல நின்னுகினு இருந்தா எதிர்வூட்டு ஹெப்சிபா.

“ஹில்டா ஆன்ட்டி, எனக்கு ஏதாச்சும் போன் வந்துச்சா?”

“உனுக்கு வர்ற போனை எடுக்க நான் இன்னா ஆபரேட்டரா?”ன்னு கேட்டேன்.

சிரிச்சிகினே பூட்டா. ரோஷம் இருந்தா சிரிப்பு வருமா?

அவ செல்லை கும்மிடிப்பூண்டி ரயில்ல எவனோ அடிச்சிகினு பூட்டான். வேற வாங்க வழியில்ல. அதுக்காவ வேலை தேடுற ஆப்புல என் பொண்ணு ஜூடி நம்பரைக் குடுத்து வெச்சிருக்கா. ரெண்டும் ஒரே காலேஜு, ஒரே கிளாஸு. படிச்சி முடிச்சி ஒரு வருசமா ராயபுரத்துலயே குந்திகினு கீதுங்க.

எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில பில்லிங் வேலை. ரெண்டு பேரும் ஆப்புல போட்டாங்க. சனிக்கிழமை கம்பெனிக்காரங்க போன்லயே இன்டர்வியூ வெச்சாங்க. என் பொண்ணு நல்லா படிச்சவதான். ஆனா புது ஆளுங்கன்னா பேச்சே வராது, வாயி தந்தி அடிச்சிது. அடுத்து ஹெப்சிபா செல்லை வாங்கிகினு படிக்கட்டுல குந்தி அரை மணி நேரம் பேசினா.

எனுக்கு வயிறு எரிஞ்சிது. செல்லு எங்களுது, ரீசார்ஜு எங்களுது, வேலை மட்டும் அவளுக்கா?

செவ்வாக்கிழமை மத்தியானம் ஜூடி ரேஷன் கடைக்குப் போயிருந்தா. செல்லு சார்ஜுல இருந்துச்சு. மணி அடிக்கவும் நான்தான் எடுத்தேன்.

“வணக்கம்மா. எண்ணூர் கம்பெனியிலேர்ந்து பேசுறேன். ஹெப்சிபா இருக்காங்களா? அவங்க கேட்ட விஷயமா...”

அதுக்கு மேல அந்தாளை நான் பேச வுடல.

“அந்தப் பொண்ணுக்கு வேற எடத்துல வேலை கெடைச்சிடுச்சு சார். இனிமே வராது. பேரை அடிச்சிடுங்க.”

“அப்படியா? நிச்சயமாம்மா?”

“நிச்சயமா சார். அதுக்குப் பதிலா என் பொண்ணு ஜூடி கீறா. அவளை எடுத்துக்கங்களேன்.”

“இல்லம்மா, அது வந்து...”ன்னு இழுத்தாரு. “சரிம்மா, வெச்சிடுறேன்.”

வெச்சதும் ஏசுவே, இன்னா காரியம் பண்ணிட்டேன்னு தோணிச்சு. ஆனா வந்த நம்பரை அழிச்சிட்டு உலை வெக்கப் பூட்டேன்.

ரெண்டு நாளு பொறுத்துப் பாத்துட்டு, வியாழக்கெழம ஹெப்சிபாவே ஆப்புல நம்பரைப் பாத்து கம்பெனிக்குப் போன் போட்டா, எங்க வூட்டு வாசல்ல நின்னு. ஜூடி செல்லு முந்தின நாளு கீழ வுழுந்ததுலேர்ந்து ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும். ஜூடி மொட்டை மாடியில துணி காயப் போட்டுகினு இருந்தா. உள்ள பூடலாம்னு பாத்தேன். ஆனா அவங்க இன்னா சொல்றாங்கன்னு கேக்க அங்கியே நின்னேன்.

“என்னம்மா இப்ப வந்து கேக்குறீங்க? உங்களுக்கு வேற வேலை கெடைச்சிடுச்சுன்னு இதே நம்பர்ல ஒரு அம்மா சொன்னாங்களே! நீங்க கேட்டுக்கிட்டபடி ரெண்டு பேரையும் எடுத்துக்கலாம்னு மேனேஜர் ஒத்துக்கிட்டாரு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இப்ப வேற ரெண்டு பேர் சேந்துட்டாங்கம்மா.”

போன் கட் ஆச்சு.

“ரெண்டு பேரா?” என் வாயி தானா கேட்டுடுச்சு.

“ஜூடிக்கு போன்னா பயம் ஆன்ட்டி. வேலையில உக்காந்தா என்னை விட நல்லா செய்வா. அதான், அவளையும் எடுத்தா நானும் வரேன், இல்லன்னா வேணாம்னு சொல்லியிருந்தேன்.”

பாவி, என் கையாலயே என் பொண்ணு சோத்துல மண்ணைப் போட்டுகினேன். அதோட இந்தப் புள்ள சோத்துலயும்.

“ஹெப்சி, அன்னிக்கு நான்தான்...”

“தெரியும் ஆன்ட்டி”ன்னா.

நாலு வார்த்தை திட்டிட மாட்டாளான்னு இருந்துச்சு. அதுக்குள்ள ஜூடி பக்கெட்டோட படியில எறங்கி வந்தா.

“யாருடி போன்ல? கம்பெனியா? இன்னா சொன்னாங்க?”

ஹெப்சிபா என் மூஞ்சியைப் பாக்காமயே அவளாண்ட சொன்னா:

“அன்னிக்கு நான்தான்டி ஏதோ தப்பாப் பேசிட்டேன். என்னால உனக்கும் இல்லன்னு ஆயிடுச்சு. மன்னிச்சுக்கடி.”