வழியனுப்ப வந்தவர்

"முப்பத்தொண்ணுதான் வெளிய வந்துருக்கு. ஒருத்தர் உள்ள இருக்காங்க" என்றார் வாட்ச்மேன் பழமலை.

பீங்கான் கம்பெனியின் பேக்கிங் கொட்டகையில் வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒவ்வொரு தகடாக வெடித்தது. தீயணைப்பு அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

சூப்பர்வைசர் செந்தமிழன் அட்டென்டன்ஸ் நோட்டை நீட்டினார். "மொத்தமே முப்பத்தொரு பேரு சார். என்னையும் சேத்துதான். பேரு கூப்ட்டுப் பாத்துட்டேன், எல்லாரும் இருக்காங்க."

அவருடைய இன்னொரு கையில் மஞ்சப்பை தொங்கியது. தினமும் வீட்டிலிருந்து ஆட்டோக்காரர் கொண்டுவரும் சாப்பாடு. சூளையிலிருந்து திரும்பியபோது கொட்டகையில் அவர் மேசைமேல் இருந்தது. சத்தம் கேட்டதும் அதையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருந்தார்.

"உள்ள போனது முப்பத்திரண்டுங்க" என்றார் பழமலை.

"சார், இவரு வேலைக்கு வந்து ஒரு வாரந்தான். அந்தக் காலத்துல பினாங்கு போற கப்பல்ல, ஏணிகிட்ட நின்னு ஆள் எண்ணுனவராம். இங்கயும் அதையே பண்றாரு" என்றார் செந்தமிழன்.

"கப்பக்காரரே, சங்கு ஊதிட்டாங்களா?" என்றாள் பேக்கிங்கில் வேலை செய்யும் அன்பரசி. இருமலுக்கு நடுவே இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. "கூரை அஞ்சு நிமிஷம் தாங்காது பெரியவரே. சும்மா எங்க ஆளுங்கள உள்ள அனுப்ப முடியாது. யாருன்னு சொல்லுங்க."

"மொகம் பாக்க மாட்டேங்க. ஏணியில ஏறுறவங்க தலையில பொட்டி இருக்கும், மொகம் மறைஞ்சிடும். காலைத்தான் எண்ணுவோம். இங்க நிக்கிற காலையெல்லாம் ஒருதரம் பாத்துட்டுச் சொல்றேன்."

"அதான் நோட்டுல இருக்குதே!" என்றார் செந்தமிழன்.

"கப்பல்லயும் நோட்டு இருந்துச்சுங்க. வழியனுப்ப வந்தவங்க பேரு அதுல இருக்காது. அவங்க எறங்காம ஏணியைத் தூக்கக் கூடாது."

பழமலை குனிந்தபடி கூட்டத்துக்குள் நடந்தார். களிமண் படிந்த கால்கள். ரப்பர் செருப்புகள். ஒரு ஜோடி பூட்ஸ்.

செந்தமிழன் மூன்றாவது முறையாக வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "வீட்டுக்காரி எடுக்க மாட்டேங்கறா. யாராவது சொல்லிட்டா பதறிப்போயிடுவா."

உள்ளே ஒரு விட்டம் சரிந்து விழுந்தது. நாலாபக்கமும் பொறி பறந்தது.

செந்தமிழன் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "வெளங்கிடுச்சு சார்! இந்த மனுசன் தன்னையும் சேத்து எண்ணிட்டாரு!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அதிகாரி மூச்சை விட்டார். வாசலில் தயாராக நின்ற இரண்டு வீரர்களும் முகமூடியைக் கழற்றினார்கள்.

பழமலை கடைசியாகச் செந்தமிழன் முன்னால் வந்து நின்றார். "நான் இன்னிக்கு கேட்டைத் தாண்டி உள்ள போகவே இல்லீங்க."

அவர் இன்னும் நிமிரவில்லை. பார்வை செந்தமிழனின் கால்களிலிருந்து முழங்கால்வரை ஏறி, அங்கேயே நின்றது.

"இந்த மஞ்சப்பையத் தூக்கிக்கிட்டுப் போன மெட்டிக் காலு இன்னும் எறங்கலீங்க."