சீட்டு ஸ்பிரிங்

கச்சிராயபாளையத்துப் பண்ணை வீட்டின் பழைய புல்வெட்டும் வண்டி, மெக்கானிக் தமிழழகனின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. காலியாக விட்டால் ஓடும். ஆள் ஏறி உட்கார்ந்தால் கிளட்ச் நழுவி நின்றுவிடும். பெல்ட்டை மாற்றினான், கிளட்ச் தகட்டை மாற்றினான். ஏறி ஓட்டினான். நின்றது.

"இன்னா தம்பி, ரெண்டு ஆளு ஏறினாப்புல திணறுது?" என்றார் காவலாளி இருசப்பன்.

"ஒத்த சீட்டு வண்டிங்க. ரெண்டு ஆளு எங்க குந்தறது?"

இறங்கிக் குனிந்து பார்த்தான். காலி சீட்டுக்குக் கீழே ஸ்பிரிங் முழுக்க அமுங்கிக் கிடந்தது. இதுவும் செத்துவிட்டது என்று சலித்துக்கொண்டே சாமான்களைப் பையில் அள்ளினான்.

"ஸ்பிரிங் வாங்கிக்கினு நாளைக்கு வர்றேங்க."

பைக்கில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, புல்வெட்டும் வண்டியின் சீட்டு மேலே எழும்பியிருந்தது. இருசப்பன் ஏறி உட்கார்ந்து ஓட்டினார். வண்டி ஒரே இழுப்பில் புல்வெளியைத் தாண்டியது.

"இப்ப நல்லாத்தான ஓடுது. நீ கெளம்பு தம்பி."

அணைக்குப் போகும் சாலை மேடே இல்லாதது. அதில் தமிழழகனின் பைக் திணறியது, கிளட்ச் நழுவியது. ஓரங்கட்டி, சைடு ஸ்டாண்டு போட்டு இறங்கினான். ஆளில்லாத பைக்கின் பின் ஸ்பிரிங் இரண்டும் அமுங்கிக் கிடந்தன. எப்போதும் மடக்கியே வைத்திருக்கும் பின்பக்கக் கால்மிதிகள் விரிந்திருந்தன.