உள்ளே ஒரு மாப்பிள்ளை

ஸ்கேன் மேசையில் மாப்பிள்ளை மல்லாந்து படுத்திருந்தார். சிவப்புக் கோடு நெஞ்சின் நடுவில் விழும்படி டெக்னீஷியன் அவரைத் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து அவள் டாக்டருக்கு அருகில் உட்கார்ந்தாள். கதவு திறந்தது. அவளுடைய அக்காவின் கணவர் தலையை நீட்டினார்.

"என்னம்மா நடக்குது இங்க? மெஷின் ரிப்பேர்னு காலையில அவ்வளவு நேரம் காக்க வெச்சீங்க. இப்ப அட்மிஷன் சீட்டுல ஒரு கையெழுத்து வேணும்னா டாக்டர் இங்க உட்கார்ந்திருக்காரு." கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். ஒரு தோள் மட்டும் தெரிந்தது. "யாரு அது?"

"மாப்பிள்ளை. நாங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம், அத்தான்."

"உங்க வீட்டு மாப்பிள்ளை நான் வெளியில நிக்கிறேன். அவருக்கு உள்ள ராஜ உபசாரமா?"

"அஞ்சே நிமிஷம். கதவைச் சாத்துங்க."

சாத்தினார். அடித்துச் சாத்தினார்.

ஒரு திரையில் அக்காவின் நுரையீரல் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் பத்து மில்லிமீட்டராக இருந்த கட்டி, இன்று பன்னிரண்டு. விட்டத்தில் இரண்டு என்றால் கன அளவில் முக்கால் பங்கு கூடுதல். இந்த வேகம் ஆகாது, நாளைக்கே நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு யார் சமைப்பது என்று மட்டும் அக்கா கேட்டிருந்தாள்.

மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் பதிவுக் குரலை டெக்னீஷியன் அணைத்தாள். மேசை உள்ளே போய் வெளியே வந்தது.

மாப்பிள்ளைக்கும் வலது நுரையீரலில் ஒரு கட்டி உண்டு. இத்தனை வருஷமாக அதுவும் பத்து மில்லிமீட்டர்தான்.

டாக்டர் அதன் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கோடு இழுத்தார். பன்னிரண்டு. அழித்துவிட்டு மறுபடி இழுத்தார்.

"நீ அளந்து பாரு."

அவள் அளந்தாள். பன்னிரண்டு.

டாக்டர் அட்மிஷன் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வெளியில இருக்கிறவங்க யாரும் போயிட வேணாம்னு சொல்லு."

அவள் வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. பெஞ்சில் அக்கா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் எழுந்தார். கோபம் இறங்கியிருந்தது.

"என்னம்மா, உள்ள இருக்கிறவருக்கு ஏதாவது...?"

"அவருக்கும் வளர்ந்திருக்கு, அத்தான். அக்காவுக்கு வளர்ந்த அதே ரெண்டு மில்லிமீட்டர்."

"அடக் கடவுளே! நான் வேற வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்." அவர் திரும்ப உட்கார்ந்தார். "பாவம். பிள்ளை குட்டி இருக்கா?"

அவள் அக்காவின் மடியிலிருந்து பையை எடுத்து அத்தானிடம் கொடுத்தாள்.

"அவரு மெஷினைச் சரிபார்க்க வெச்சிருக்கிற பிளாஸ்டிக் பொம்மை, அத்தான். மெஷின்தான் கூட்டிச் சொல்லுது."