கம்ப்யூட்டர் செத்த கதை

“செத்துப்போச்சு சார்” என்றாள் அனுப்ரியா.

பாலன் பதறிப்போனார். “ஐயையோ! யாரும்மா?”

“கம்ப்யூட்டர்.”

சரஸ்வதிபுரத்தில், கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் கடை அது. அங்கே வேலை பார்க்கும் அனுப்ரியா, பாலன் எடுத்த முதல் படத்தைக் கல்யாணங்களுக்கு நடுவே தொகுத்துக்கொண்டிருந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை திரைப்பட ரசிகர் வட்டத்தில் திரையிடல். தொழிற்சாலையில் பாலனோடு வேலை செய்பவர்கள் அனைவருக்கும், தெருவில் பாதிப் பேருக்கும் அழைப்புப் போயாயிற்று.

“எல்லாமே போயிடுச்சா?”

“இல்ல சார். பூக்காரம்மா தனியா வர்றதெல்லாம் பத்திரமா இருக்கு. கடைசியா ஏத்தினதுதான் ரெண்டாவது டிஸ்க்ல இருந்துச்சு...”

கடைசியாக ஏற்றியவை பாலன் நடித்த காட்சிகள்.

படத்தின் பெயரே ‘வந்துட்டேன் செல்லம்மா’. தேவராஜ மார்க்கெட்டில் பூ விற்கும் செல்லம்மா, ஓடிப்போன கணவனுக்காகக் காத்திருக்கிறாள். முடிவில் அவன் வந்துவிடுகிறான். கதை, வசனம், இயக்கம் பாலன். கணவனும் பாலனே. சினிமாவைப் பற்றி அவருக்கு இரண்டு திடமான நம்பிக்கைகள் இருந்தன: சென்னையில் ஒருவருக்கும் படமெடுக்கத் தெரியாது; தம் இடப்பக்க முகம் வலப்பக்க முகத்தைவிட உருக்கமானது.

கேசட்டிலிருந்து மறுபடியும் ஏற்றலாமென்றால் அதற்கும் வழியில்லை. “இனி ஃபிலிம் எதற்கு? டிஜிட்டல் கேசட் சிலேட்டு மாதிரி, அழித்து அழித்து எழுதலாம்” என்று ஊரெல்லாம் முழங்கிய பாலன், சொன்னபடியே செய்தும் காட்டியிருந்தார். கணவன் திரும்பி வந்த கேசட்டின்மேல் இப்போது மைத்துனர் மகளின் காதுகுத்து இருந்தது.

“ஃபிலிம்னா கையில பிடிச்சு வெளிச்சத்துல பார்க்கலாம். இந்த டிஜிட்டல்ல என்னம்மா இருக்கு? வெறும் காத்து!” என்று கட்சி மாறினார் பாலன். கல்யாண ஆல்பம் வாங்க வந்திருந்த இரண்டு குடும்பங்களும் திரும்பிப் பார்த்தன. “பொறுப்புன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? என் நடிப்பையே கொன்னுட்டியே!”

“தப்புதான் சார்” என்று தலைகுனிந்தாள் அனுப்ரியா.

உடன் வந்திருந்த மனைவி ராணி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “போதும், வாங்க. எல்லாரும் பார்க்கறாங்க.”

“பார்க்கட்டும்! என்னைத்தான் இனிப் படத்துல பார்க்க முடியாதே!”

மறுபடியும் எடுத்துவிடலாமென்று மார்க்கெட்டுக்கு ஓடினார். செல்லம்மாவாக நடித்தவள் அங்கே உண்மையிலேயே பூ விற்கும் கௌரம்மா, கொள்ளேகாலத்துக்காரி.

“இன்னொருக்காவா? ஆவாதுங்ணா” என்றாள் அவள், மல்லிகை தொடுப்பதை நிறுத்தாமலே. “போன தடவையே, நீங்க வந்து நின்னு கண்ணை உருட்டுனதுல, எனக்கு அழுகைக்குப் பதுலாச் சிரிப்பு வந்துருச்சு.”

நுட்பமான நடிப்பு எல்லோருக்கும் பிடிபடுவதில்லை என்று பாலன் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

கணவன் இல்லாத படம் ஞாயிற்றுக்கிழமை ஓடியது. கௌரம்மா பூத் தொடுத்தாள், விற்றாள், விற்காததை வாசலில் தொங்கவிட்டாள். கடைசியில் கதவு தட்டப்படும் ஓசை. அவள் எழுந்தாள். கதவைத் திறந்தாள். பார்த்தாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது.

அரங்கில் சத்தமே இல்லை. ‘மானம் போயிற்று’ என்று பாலன் செருப்பைத் தேடினார். அப்போதுதான் கைதட்டல் எழுந்தது, எழுந்தது ஓயவில்லை.

ரசிகர் வட்டத் தலைவர் மஞ்சுநாத் பாலனிடம் ஓடிவந்து, கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறினார். “அத்புத, பாலன் சார், அத்புத! ‘வந்துட்டேன்’னு பேர் வெச்சுட்டு, வந்தவனைக் காட்டவே இல்லையே! வந்தது அவன்தானான்னு நாங்க தவிக்கறோம். இந்த தைரியம் உங்களுக்கு எப்படி வந்துச்சு?”

மைக் பாலனின் கைக்கு வந்தது. உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் வாயைத் திறந்தார்.

“காட்டுவது எளிது, ஐயா. காட்டாமல் விடுவதே கலை. கணவனின் முகம் ரசிகர்களின் மனத்தில்தான் தோன்ற வேண்டும் என்று, எழுதும்போதே முடிவு செய்துவிட்டேன்.”

தம் வாயிலிருந்து இத்தனை அழகான பொய் வருமென்று பாலனே எதிர்பார்க்கவில்லை. அந்தக் கணத்தில் அவர் நடித்த நடிப்பைப் படமெடுக்க ஆளில்லாமல் போயிற்று. கடைசி வரிசையில் அனுப்ரியாவும் எழுந்து நின்று கைதட்டினாள்.

கழுத்து நிறைய மாலையோடு, ராணியுடன் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

“ராணி, அந்தப் பொண்ணை நான் மன்னிச்சுட்டேன்.”

“பெரிய மனசுங்க உங்களுக்கு.”

“அடுத்த படத்துல முதல் காட்சியிலேருந்தே நான்தான் வரேன். ஆனா அந்தக் கடைக்கு மட்டும் போகக் கூடாது. சாகாத கம்ப்யூட்டரா ஒண்ணு பார்க்கணும்.”

ராணி நின்றுவிட்டாள்.

“அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகலைங்க. ‘சார் நடிப்பைப் பார்த்தா ஊரே சிரிக்குமே அக்கா, அவர்கிட்ட இதை எப்படிச் சொல்றது’ன்னு அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து அழுதா, பழியை மெஷின் மேல போடுன்னு நான் சொன்னேன், திட்டை அவ வாங்கிக்கிட்டா.”